வேற்றூர்ப் பள்ளியில் நம் ஆசிரியர்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் பலர். கணவர் வங்கியிலோ ரயில்வேயிலோ மாற்றலாகி வர, உடன் வந்த மனைவியார் அண்டையிலுள்ள தனியார் பள்ளியில் சேர்ந்திருப்பார். வேலூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் காலை வண்டி ஏறி வந்து, பாடம் முடித்து, மாலை வண்டியில் திரும்புவோரும் உளர். இவர்கள் பாடத்தில் தேர்ந்தவர்கள், நேரத்துக்கு வருபவர்கள். அப்படியிருந்தும் மே மாதத்தில் மறு ஆண்டு நியமனம் பற்றிய பேச்சு எழும்போது, சிலரது பெயர் மட்டும் விடுபட்டுப் போகிறது. காரணம் வினவினால், பாடத்தைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லமாட்டார்கள். "அவர் எங்களோடு கலந்து பழகவில்லை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

கலந்து பழகுதல் என்பது யாது? வகுப்பறைக்குள் ஆசிரியர் செய்ய வேண்டியதற்குப் பாடத்திட்டம் உண்டு, கால அட்டவணை உண்டு. ஆசிரியர் ஓய்வறையிலும், உணவு வேளையிலும், சக ஆசிரியர் வீட்டு விசேஷத்திலும் அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஏடு ஒன்றும் இல்லை. உள்ளூர்க்காரருக்கு அது மூச்சு விடுவது போன்ற இயல்பு; ஆகையால் அதை எடுத்துச் சொல்ல வேண்டுமென்றே அவருக்குத் தோன்றுவதில்லை. வந்தவர் அதைச் செய்யாமல் விடும்போதுதான் ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குக் 'கர்வம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வந்தவரோ, தாம் ஒரு தவறும் செய்யாதிருக்கத் தம்மை ஏன் ஒதுக்குகிறார்கள் என்று மனம் வெதும்புகிறார். இரு சாராரும் நல்லவர்களாக இருந்தே இந்தப் பிணக்கு விளைகிறது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

வேற்று நாட்டு ஆசிரியர் இந்தச் சீமைக்குப் புதியவரல்லர். அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ் 1915-ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பின்மேல் இந்தியா வந்து, பின்னர் மதனப்பள்ளியிலிருந்த பிரம்மஞானக் கல்லூரியில் ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்தார். மதனப்பள்ளி அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அவரும் அவர் துணைவியார் மார்கரெட் அம்மையாரும் அயர்லாந்திலேயே புலால் உணவை விட்டவர்கள். இலையில் அமரும்போது அவர்களுக்குச் சங்கடம் நேர்ந்திராது. 1919 பிப்ரவரியில் ரவீந்திரநாத தாகூர் மதனப்பள்ளியில் தங்கியபோது, கல்லூரிக் கூட்டம் ஒன்றில் 'ஜன கண மன' பாடலைத் தாமே பாடினார். அதன் ஆங்கில ஆக்கத்தை அவர் எழுதியது அங்கேதான். இசையில் பட்டம் பெற்ற மார்கரெட் அம்மையார் அதன் மெட்டை ஸ்வரக் குறிப்பாக எழுதிக்கொண்டார். பாடம் முடிந்ததும் தம் இல்லத்துக்குள் அடைந்துகொள்ளும் வழக்கமுள்ள துரைசானியாக அவர் இருந்திருந்தால், அந்தக் குறிப்பு அவர் கையால் எழுதப்பட்டிராது.

இன்னொருவரையும் நாம் மறக்கலாகாது. 1962 முதல் செப்டம்பர் 5-ஆம் நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமே, அந்நாளுக்குரிய டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில் 1888-இல் பிறந்து, திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் சென்னையிலும் மைசூரிலும் கல்கத்தாவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கற்பித்தார். 1921-இல் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, அவர் ஏறிய வண்டியை மாணவர்கள் மலர்களால் அலங்கரித்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். வேற்றூர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேறென்ன வேண்டும்?

இனி நம் காரியத்துக்கு வருவோம். முதலாவது பாஷை. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது தமிழும் தெலுங்கும் அதில் கலந்தே இருந்தன. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இப்படி மாறினாலும் கடைத்தெருவில் தமிழ் ஓயவில்லை. இதனாலேயே நம்மவருக்கு ஓர் ஆபத்து. காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் நான்கு சொல் தெலுங்கு கற்றுக்கொண்டு, அதே நான்கு சொல்லைத் தலைமையாசிரியரிடமும் பேசிவிடுகிறார்கள். 'செப்பு' என்பது 'சொல்லு'; 'செப்பண்டி' என்பது 'சொல்லுங்கள்'. 'கூர்ச்சோ' என்பது 'உட்கார்'. 'கூர்ச்சோண்டி' என்பது 'உட்காருங்கள்'. அந்த 'அண்டி'யை விழுங்கிவிட்டால் மரியாதை முழுவதும் போயிற்று. 'வாடு' என்றால் 'அவன்'. 'ஆயன' என்றால் 'அவர்'. பெயரோடு 'காரு' சேர்ப்பது அலங்காரமன்று, அவசியம். ஓய்வறையில் நம்மைவிட இளையவரானாலும், புதிதாக வந்தவர் 'மீரு' என்று தொடங்குவதே நலம். 'நுவ்வு' என்று சொல்லும் உரிமையைக் காலம்தான் தரும்.

மற்றொன்றும் உண்டு, இதில் பல மனங்கள் புண்பட்டிருக்கின்றன. தெலுங்கில் பெண்ணை ஒருமையில் குறிக்கும்போது வினைமுற்று அஃறிணையோடு ஒத்திருக்கும். 'ஆமெ வச்சிந்தி' என்று சக ஆசிரியை சொன்னால், நம் செவிக்கு 'அவள் வந்தது' என்று கேட்கிறது. "என் மகளை 'அது' என்று பேசுகிறார்களே!" என்று வீட்டுக்கு வந்து பொருமிய தாய்மார் உண்டு. அது அம்மொழியின் இலக்கண அமைதி, அவமதிப்பு அன்று. அவமதிப்பு எப்போது நேரும் என்றால், மதிக்க வேண்டிய பெண்மணியை நாம் அப்படிச் சொல்லும்போது. தலைமையாசிரியையைப் பற்றிப் பேசுகையில் 'மேடம்காரு வச்சாரு' என்று பன்மையில் சொல்ல வேண்டும். கிராமத்துப் பள்ளிகளில் முதியோர் ஆசிரியரை 'அய்யவாரு' என்றும், ஆசிரியையைப் 'பந்துலம்மா' என்றும் அழைக்கக் கேட்கலாம். அவை பழைய மரியாதையின் சொற்கள். யாரோ கேலி செய்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

அடுத்தது உணவு வேளை. ஆசிரியர் ஓய்வறையின் உண்மையான சபை அதுவே. டப்பாவைத் திறந்து தனியே ஒரு மூலையில் உண்டு முடித்து, விடைத்தாள் திருத்தப் போய்விடுவது நம்மவரிற் பலரது வழக்கம். சிக்கனமும் சுறுசுறுப்பும் என்று நாம் நினைக்கிறோம். அவர்களோ நாம் அவர்கள் உணவை அருவருப்பதாக நினைக்கிறார்கள். ஒரு கரண்டி கோங்குராப் பச்சடியை வாங்கி இலையோரம் வைத்துக்கொள்வதில் காரத்தைத் தவிர வேறு ஆபத்து இல்லை. நம் வீட்டுப் புளிக்குழம்பை ஒரு கிண்ணம் கூடுதலாகக் கொண்டுபோனால், மறுநாள் அதன் செய்முறை கேட்டு இரண்டு பேர் வருவார்கள். புலால் உண்ணாதவர் அதை முதல் வாரத்திலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டுப் பிறகு சொல்வதுதான் மனக்கசப்பை வளர்க்கிறது. சக ஆசிரியர் திருமலை சென்று வந்து லட்டுப் பிரசாதம் பகிர்ந்தால், எழுந்து நின்று வலக்கையால் வாங்கிக்கொள்ளுங்கள். 'பிறகு எடுத்துக்கொள்கிறேன்' என்று மேஜைமேல் வைக்க வேண்டாம். (திருப்பதியில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் ஊரிலிருந்து வரும் உறவினர் அனைவருக்கும் சத்திரமாகவும் தரிசன ஏஜெண்டாகவும் மாறிவிடும் கதை வேறு, அதைத் தனியே ஒரு கட்டுரையில்தான் எழுத வேண்டும்.)

பெண் ஆசிரியைகளுக்கு மேலும் ஒரு கடமை வந்து சேரும். சிராவண மாதத்து வெள்ளிக்கிழமைகளில், வரலட்சுமி விரதத்தை ஒட்டி, 'பேரண்டம்' என்று மாலையில் அழைப்பார்கள். மஞ்சளும் குங்குமமும் தாம்பூலமும் வாங்கிக்கொண்டு வரக் கால்மணி நேரம் போதும். ஆனால் போகாவிட்டால் ஓர் ஆண்டு நினைவில் நிற்கும். ரயில் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவர் காலையிலேயே சொல்லிவிட்டு, மறுநாள் வீட்டுப் பெரியவரை விசாரித்தால் குறை தீர்ந்தது. இந்த அழைப்பில் கணவரை இழந்த ஆசிரியைகள் விடுபட்டுப் போவதை நான் ஒப்புக்கொள்ளவே இயலாது. அது இச்சீமைக்கு மட்டும் உரிய குற்றம் அன்று. நம் ஊரிலும் அப்படித்தான். எனினும் ஒரே அறையில் பத்துப் பேருக்குக் குங்குமச் சிமிழை நீட்டி, பதினோராமவரைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது கொடுமை. நம் இல்லங்களில் கொலு வைக்கும்போது அத்தகைய சகோதரிகளை முதலில் அழைத்துத் தாம்பூலம் கொடுப்போமானால், அதைக் காணும் மற்றவர்களும் யோசிப்பார்கள்.

கார்த்திகை மாதம் வந்தால் வனபோஜனம். இது தெலுங்கு நாட்டுக்கே உரிய அழகிய வழக்கம். தோட்டமோ அருவிக்கரையோ தேடிப் போய், நெல்லி மரத்தடியில் கூடி உண்டு, பாடி, விளையாடித் திரும்புவார்கள். திருப்பதிப் பள்ளிகளுக்குத் தலக்கோனை, நகரிப் பக்கத்தாருக்குக் கைலாசகோனை. ஆண்டு முழுவதும் கடுமுகம் காட்டிய தலைமையாசிரியர் அன்று பரிமாறுவார், எழுத்தர் பாடுவார். விடுமுறை நாளைப் பறிக்கிறார்களே என்று நம்மவர் முணுமுணுக்கிறார்கள். ஓய்வறையில் ஓராண்டில் அவிழாத முடிச்சு அந்த ஒரு பகலில் அவிழும் என்பதை அறிந்தால் முணுமுணுக்கமாட்டார்கள். குடும்பத்தோடு செல்லுங்கள், குழந்தைகளே உங்களுக்குப் பாதி நண்பர்களைத் தேடிக் கொடுப்பார்கள்.

ஆனால் கவனம். பள்ளி நடத்தும் வனபோஜனம் வேறு. சாதிச் சங்கங்கள் நடத்தும் வனபோஜனம் வேறு. பின்னதும் இப்போது எங்கும் பெருகியிருக்கிறது. "நீங்கள் எந்த வனபோஜனத்துக்குப் போகிறீர்கள்?" என்ற கேள்வி எப்போதும் வெள்ளை மனத்தோடு கேட்கப்படுவதன்று. 'இண்டிப்பேரு' என்னும் குடும்பப் பெயரைக் கேட்பதும் அப்படியே. தெலுங்கருக்கு வீட்டுப் பெயர் முன்னே நிற்கும். அதைக் கொண்டு பூர்வோத்தரம் எல்லாம் அறிந்துகொள்வார்கள். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றுதான். அதில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் வெறும் ஆவலால்தான் கேட்கிறார்கள். தந்தையார் பெயரை முழுதாகச் சொல்லி, "எங்கள் பக்கத்தில் இவ்வளவுதான்" என்று நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் விளக்கம் தர நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

வனபோஜனத்தைச் சொல்லும்போது கொரியா தேசத்து ஆசிரியர் விருந்து நினைவுக்கு வருகிறது. நம் இளைஞர் சிலர் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராகச் செல்ல விரும்புவதால் அதையும் இங்கே எழுதுவது பொருந்தும். தென்கொரிய அரசு 1995 முதல் அயல்நாட்டாரைத் தன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க அமர்த்தி வருகிறது. முதலில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சில நாட்டவருக்கே அந்த வாய்ப்பு இருந்தது. 2010 ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின் பயனாக, ஆசிரியப் பயிற்சிச் சான்று உடைய இந்தியருக்கும் கதவு திறந்தது.

அங்கே பள்ளிக்குள் நுழைந்ததும் தெருச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே அணியும் செருப்புக்கு மாற வேண்டும்; இது நமக்குக் கடினமன்று. முதற் சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள். வம்புக்காக அன்று, வயதறியாமல் அவர்கள் மொழியில் எந்த மரியாதைச் சொல்லைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்க இயலாது. 'அண்டி' சேர்ப்பதா விடுவதா என்ற நம் சித்தூர்ச் சிக்கலின் பெரிய அண்ணன் அது. பெயரைச் சொல்லி அழையாமல் 'சொன்செங்னிம்' என்று, அதாவது ஆசிரியரே என்று, அழைக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரு கையாலும் செய்ய வேண்டும். மூத்தவர் உண்ணத் தொடங்கிய பிறகே இளையவர் கரண்டியைத் தொடலாம். புதிதாகச் சேர்ந்தவரும் விடைபெறுபவரும் அரிசிப் பணியாரம் வாங்கி எல்லோருக்கும் பகிர்வது உண்டு.

பள்ளி முடிந்த மாலைகளில் 'ஹோய்சிக்' என்னும் கூட்டு விருந்து நடக்கும். தலைமையாசிரியர் முதல் எல்லோரும் ஒரே மேஜையில். தம் கிண்ணத்தைத் தாமே நிரப்பிக்கொள்ளலாகாது. அடுத்தவர் நிரப்புவார், நாம் அவருடையதை நிரப்ப வேண்டும். பெரியவர் முன் பருகும்போது முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்ள வேண்டும். அந்தக் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் மது என்பதால் நம் பிள்ளைகள் கலங்குவார்கள். பருகாதவர் முதல் நாளே உடன் கற்பிக்கும் கொரிய ஆசிரியரிடம் தெரிவித்துவிட்டு, கிண்ணத்தில் வேறு பானத்தோடு அமர்ந்திருக்கலாம். அமர்ந்திருப்பதுதான் முக்கியம். கட்டாயப்படுத்திக் குடிக்கச் செய்வது சட்டவிரோதம் என்று சியோல் உயர்நீதிமன்றமே 2007-இல், ஒரு நிறுவனத்தைச் சேர்ந்த வழக்கில், தீர்ப்பளித்திருக்கிறது. புலால் உண்ணாதவருக்கு மதுவைவிட உணவே சங்கடம். அந்நாட்டு ஊறுகாயாகிய கிம்ச்சியில்கூட மீன் சாறு கலந்திருப்பது சகஜம்.

சொல்லாமலே பிறர் மனத்தையும் சபையின் போக்கையும் அறியும் திறனைக் கொரியர் 'நுஞ்சி' என்கிறார்கள். அது இல்லாதவர் எவ்வளவு கற்றவராயினும் அங்கே மதிப்பில்லை. இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை; 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலுக்கு. ஆசிரியர் ஓய்வறை முன்னதைச் சேர்ந்தது என்றே கொள்ளலாம்.

வழக்கம் எல்லாம் மாறாதவை என்றும் எண்ண வேண்டாம். பெற்றோர் ஆசிரியருக்குப் பரிசு கொடுப்பது கொரியாவில் நெடுங்கால வழக்கம். 2016 செப்டம்பர் 28 முதல் ஒரு சட்டம் அதைத் தடுத்துவிட்டது. நம் நாட்டிலும் இப்படி மறைந்தவை உண்டு. தசராவின்போது தெலுங்கு நாட்டு உபாத்தியாயர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் பாடிச் செல்வார். அவருக்குக் காசும் பிள்ளைகளுக்குப் பருப்பும் வெல்லமும் கிடைக்கும். நம் திண்ணைப் பள்ளிகளிலும் நவராத்திரிக் காலத்தில் ஏறக்குறைய அதே வழக்கம் இருந்தது. அன்று அது உபாத்தியாயரின் ஊதியம். இன்று அதைச் செய்தால் யாசகம் என்பார்கள்.

ஆகவே எதற்கும் தலையாட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோடை விடுமுறையில், வெயில் தகிக்கும் வேளையில், மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாக அலைந்து துண்டுப் பிரசுரம் கொடுக்கச் சொல்வது தனியார் பள்ளிகளில் பரவியிருக்கிறது. 'இத்தனை பிள்ளைகளைச் சேர்த்தால்தான் வேலை' என்று கணக்கு வைப்பதும் நடக்கிறது. இது கலந்து பழகுதல் ஆகாது. ஊதியமில்லாத வேறொரு வேலை. பேசுகிற பாஷையே புதிதான வேற்றூர் ஆசிரியர் இதில் உள்ளூர்க்காரரோடு போட்டியிட்டு வெல்லவும் முடியாது. வேலையில் சேரும்போதே, விடுமுறையில் என்ன பணி, அதற்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நியமனக் கடிதம் தராத பள்ளியில் சேருமுன் இரண்டு முறை யோசியுங்கள். ஓய்வறையில் நடக்கும் சீட்டும் அப்படியே. புதியவரை அன்போடுதான் சேர்ப்பார்கள். ஆனால் தவணை தவறினால் அன்பு கணக்காகிவிடும். "வீட்டில் கடன் இருக்கிறது" என்று சொல்லி விலகுவது அவமானமன்று. திருமணப் பரிசுக்கும் பணி ஓய்வு விழாவுக்கும் எல்லோரும் கொடுக்கும் தொகையைக் கொடுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கூடக் கொடுப்பதும் ஒருவகைக் கர்வமாகத்தான் கொள்ளப்படும்.

ஒன்று எஞ்சியிருக்கிறது. இப்பக்கத்தில் தமிழை 'அரவம்' என்பார்கள். பழைய சொல், சிலர் இயல்பாகவே சொல்வார்கள், சிலர் இழிவு தொனிக்கச் சொல்வார்கள். சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முன்னதற்குச் சிரித்துக்கொள்ளலாம், பின்னதற்கு, "தமிழ் என்றே சொல்லுங்கள், அண்ணா" என்று ஒரு முறை அமைதியாகச் சொன்னால் போதும். 'அண்ணா' இரு மொழிக்கும் பொது. ஆனால் நம் வீடுகளிலும் தெலுங்கரைக் குறித்து வழங்கும் ஓர் இழிசொல் உண்டு. அதை இங்கே அச்சிட விருப்பமில்லை. அறியாதவர் யாரும் இரார். மாலையில் பள்ளியிலிருந்து திரும்பிய தாய் களைப்பில் அச்சொல்லைச் சொல்கிறாள், தந்தை சிரிக்கிறார். மறுநாள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, தாயின் தலைமையாசிரியையின் பேரனிடம் அதே சொல்லைச் சொல்கிறான்.

வருகிற ஜூன் மாதத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் அன்பர்கள், பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே ஒரு நாள் போய், எழுத்தரையும் காவலரையும் ஆயாவையும் பார்த்து 'பாகுன்னாரா?' என்று நலம் விசாரித்து வாருங்கள். தலைமையாசிரியரைப் பார்க்கப் பிறகு எத்தனையோ சந்தர்ப்பம் வரும்.